ஒரு கீறலுக்கு ரெண்டு குட்டியா?



இந்தத் தடவை எழுதப் போறது மழையைப் பத்தியோ வெங்காய விலையைப் பத்தியோ இல்லீங்க. கார் பெயிண்ட்டைப் பத்தி. வெள்ளாமை பண்றவனுக்குக் கார் பெயிண்ட்டுல என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். எனக்குக் காரே கிடையாது. ஒரு பழைய டிராக்டர், ஒரு டிவிஎஸ் வண்டி, அவ்வளவுதான். ஆனா போன மாசம் எங்க மாரியம்மன் நோம்பிக்கு வந்த ஒரு புதுக் காரால எங்க தோட்டத்துல நடந்ததைப் பார்த்த பிறகு இதை எழுதாம இருக்க முடியல. கொஞ்சம் கோவமாத்தான் எழுதறேன். டவுன்ல இருந்து படிக்கிற நீங்க கோவிச்சுக்காம கடைசி வரைக்கும் படிங்க.

நோம்பிக்கு என் தங்கச்சி மகன் சென்னையில இருந்து வந்திருந்தான். வண்டி வாங்கி 41 நாள். சீட்டுக்கு மேல போட்ட பிளாஸ்டிக் கவர் கூட இன்னும் எடுக்கல. வீட்டு வாசல்ல சாமியானா போட்டிருந்ததால வண்டியைக் கட்டுத்தறிக்குப் பக்கத்துல புளியமரத்தடியில நிறுத்தினான். சாயங்காலம் குளிச்சுட்டு வந்து பார்த்தவன் போட்ட சத்தத்துல மரத்துல இருந்த காக்காய் எல்லாம் எந்திரிச்சுப் பறந்துருச்சு. இடது பக்கம் முன் கதவு, பின் கதவு ரெண்டுலயும் கோடு கோடா கீறல்.

அந்த நேரத்துக்குத் தண்ணித் தொட்டிகிட்ட ஆடு தண்ணி குடிச்சிட்டு இருந்தது. ஆட்டை ஓட்டிட்டு வந்த பையன் பக்கத்துலயே நின்னான். ஏழாவது படிக்கிறான். நோம்பிக்குப் பள்ளிக்கூடம் லீவு. அவ்வளவு போதாதா? "உன் ஆடுதாண்டா ஏறியிருக்கு, எங்கடா பார்த்துட்டு இருந்த"ன்னு நாலு பேரு முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டான். பையன் ஒண்ணும் பேசல. அழுதுட்டே ஆட்டை ஓட்டிட்டுப் போயிட்டான். மாப்ள உடனே போட்டோ எடுத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினான். கால் மணி நேரத்துல பதில் வந்துருச்சு: ரெண்டு கதவும் முழுசா பெயிண்ட் அடிக்கணும், 14,500 ரூபாய். அதை ஊர்ல எல்லார்கிட்டயும் காட்டினான்.

அடுத்த நாள் காலைல அஞ்சரைக்குப் பால் கறந்துட்டு வெளிய வர்றேன், அந்தப் பையனோட அப்பா வாசல்ல நிக்கிறார். கையில ரெண்டு வெள்ளாட்டுக் குட்டி. "ஏனுங்க, அவ்வளவு பணம் இப்போ கைல இல்லீங்க. இதை வெச்சுக்கங்க. வெள்ளிக்கிழமை கன்னிவாடிச் சந்தைக்குக் கொண்டு போனா ஒரு விலை கிடைக்கும். மிச்சத்தை வேலைல கழிச்சுக்கறேன்"னார். என்னை விட ரெண்டு வயசு மூத்தவர். தலையைக் குனிஞ்சுட்டுப் பேசறார்.

இனி நான் சொல்றதைக் கவனமாப் படிங்க. ஏன்னா தப்பு என் மேலயும் இருக்கு.

நான் குட்டியை வாங்கல. அவரைத் திண்ணையில உக்கார வெச்சுட்டு நேரா வண்டிகிட்டப் போனேன். கீறல் எப்படி இருக்குன்னு பார்த்தேன். ஏழு கோடு. எல்லாமே படுக்கையா, முன் கதவுல ஆரம்பிச்சுப் பின் கதவு வரைக்கும் ஒரே மட்டத்துல ஓடுது. வெள்ளாடு கார் மேல ஏறாதுன்னு சொல்ல மாட்டேன், நல்லாவே ஏறும். ஆனா அது ஏறினா பானட்டுல, டிக்கியில குளம்பு பட்ட குட்டைக் கீறல்தான் இருக்கும். முன்னங்காலைக் கதவு மேல வெச்சு நின்னா கோடு மேல இருந்து கீழ இறங்கும். ரெண்டு கதவுக்கும் சேர்த்து ஸ்கேல் வெச்ச மாதிரி கோடு போட எந்த ஆட்டுக்கும் தெரியாதுங்க. இடது பக்கக் கண்ணாடி முதுகுலயும் அதே கோடு. பின் கதவோட ரப்பர் பீடிங்குல என்னமோ நீட்டிட்டு இருந்தது. நகத்தால எடுத்துப் பார்த்தேன். கிளுவை முள்ளு.

எங்க ஊர்ப் பக்கம் வராதவங்களுக்குச் சொல்றேன். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கமெல்லாம் கொறங்காடுன்னு மேய்ச்சல் நிலம் உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கும். சுத்தியும் கிளுவையை நட்டு உயிர்வேலி வெச்சிருப்பாங்க. ரெண்டு பக்கமும் அந்த வேலி இருக்க, நடுவுல போற சந்துக்கு இட்டேரின்னு பேரு. மாட்டு வண்டி போறதுக்கு விட்ட வழி. இன்னைக்கு அதுலதான் காரும் வருது.

முந்தின நாள் மத்தியானம் அந்த இட்டேரியில சோளத்தட்டு ஏத்திட்டு ஒரு டிராக்டர் எதிர்ல வந்தது. அதுக்கு வழி விட மாப்ள காரை இடது பக்கம் ஒதுக்கினான். வேலியில "சர்ர்ர்"னு உரசற சத்தம் கேட்டது. கண்ணாடியை ஏத்தி, ஏசியைப் போட்டு, பாட்டும் போட்டிருந்ததால அவனுக்குக் கேட்டிருக்காது. டிராக்டர்க்காரனுக்குக் கேட்டது. அந்த டிராக்டரை ஓட்டிட்டு வந்தது நான்தான்.

அப்படின்னா சாயங்காலமே ஏன் வாயைத் திறக்கலன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இல்லாம இல்ல. ஆனா நோம்பி நாளு, தங்கச்சி பக்கத்துல நிக்கிறா, மாப்ள கொதிச்சுட்டு இருக்கான், "இப்போ பேசினா சண்டையாகும், காலைல பாத்துக்கலாம்"னு விட்டுட்டேன். ஒரு ராத்திரி தள்ளிப் போட்டேன். அந்த ஒரு ராத்திரியில ஒரு மனுசன் தன் வீட்டுல இருந்து ரெண்டு குட்டியைப் பிரிச்சுத் தூக்கிட்டு வந்துட்டார்.

அவரைக் கும்பிட்டுக் குட்டியோட அனுப்பி வெச்சேன். மாப்ளயை எழுப்பி முள்ளைக் காட்டினேன். முகம் சுருங்கிப் போச்சு. ஆனாலும், "மாமா, யாரு பண்ணா என்ன, 11 லட்ச ரூபா வண்டி. ஏழு வருசம் டியூ கட்டணும். இப்பவே ரெண்டு கதவும் போச்சே"ன்னான்.

அவன் வலி எனக்குப் புரியாம இல்லீங்க. மாசாமாசம் டியூ கட்டறவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். நான் டிராக்டர் வாங்கின புதுசுல மட்கார்டுல ஒரு கல்லு பட்டதுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. அதனால கீறலுக்கு வருத்தப்படாதீங்கன்னு நான் சொல்ல வரல. கீறல் விழுந்த உடனே எவன் மேலயாவது பழியைப் போட்டு, ரெண்டு கதவையும் முழுசா அடிச்சே ஆகணும்னு குதிக்கிறீங்களே, அதைத்தான் தப்புங்கிறேன். அந்த ரெண்டுமே உங்க வண்டிக்கும் நல்லதில்ல, மத்தவங்களுக்கும் நல்லதில்ல.

அன்னைக்கே அவனைக் கூட்டிட்டு டவுன்ல எனக்குப் பழக்கமான பெயிண்ட்டர்கிட்டப் போனேன். முப்பது வருசமா டிங்கரிங், பெயிண்ட்டிங் பட்டறை வெச்சிருக்கார். அவர் பண்ணின முதல் வேலை, ஒரு சொம்புத் தண்ணியை எடுத்துக் கதவு மேல ஊத்தினது. ஏழு கோட்டுல அஞ்சு கோடு காணாமப் போச்சு. காய்ஞ்சதும் திரும்பத் தெரிஞ்சது. "தண்ணி பட்டா மறையுதுல்ல, இதெல்லாம் மேல் தோல்தானுங்க. பாலிஷ்லயே போயிரும்"னார். மிச்ச ரெண்டு கோட்டு மேல நகத்தை வெச்சுக் குறுக்கால இழுத்தார். ஒண்ணுல நகம் லேசாத் தட்டுச்சு. இன்னொண்ணுல நல்லாவே மாட்டுச்சு. அதுக்குள்ள வெள்ளையாத் தெரிஞ்சது. "இது பிரைமர் வரைக்கும் போயிருக்கு. விரல் நீளம்தான். இதுக்கு மட்டும் டச்சப் பண்ணிக்கலாம்"னார்.

வண்டியைக் கழுவி, சுத்தி டேப் ஒட்டி, காம்பவுண்ட் போட்டு மெஷின்ல தேய்ச்சார். அஞ்சு கோடும் போயிருச்சு. ஆறாவது உத்துப் பார்த்தாத்தான் தெரியும். ஏழாவதுக்கு அந்த வண்டியோட கலர் நம்பரைப் பார்த்துக் கலரை வரவழைச்சு, மெல்லிசா ரெண்டு தடவை தொட்டு வெச்சு, மேல கிளியர் வெச்சார். மொத்தம் 900 ரூபாய். 14,500 எங்க, 900 எங்க? "நான் முழுக் கதவும் அடிக்கணும்னு சொல்லியிருந்தா எனக்கு நல்ல காசுதானுங்க. ஆனா கம்பெனி பெயிண்ட்டை எடுக்க மனசு வரல"ன்னார். அந்த வார்த்தைதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

கம்பெனி பெயிண்ட்டுல அப்படி என்ன இருக்கு? அவர் சொன்னதையும் அப்பறம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன்.

கார் கம்பெனியில வெறும் தகரமா இருக்கிற பாடியை முதல்ல கழுவி, பாஸ்பேட் போட்டு, ஒரு பெரிய தொட்டிக்குள்ள முழுசா முக்கி எடுக்கறாங்க. கரண்ட் வெச்சு அந்தப் பூச்சை மூலை முடுக்கெல்லாம் ஒட்ட வைப்பாங்க. துருவைத் தடுக்கிறது முக்கியமா அதுதான். அதை 160 டிகிரிக்கு மேல சுடுவாங்க. அதுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், கடைசியா கண்ணாடி மாதிரி கிளியர் கோட். அதையும் சுமாரா 140 டிகிரியில சுடுவாங்க. இத்தனையும் சேர்ந்து 100ல இருந்து 130 மைக்ரான் வரைக்கும்தான் இருக்கும். நம்ம தலைமுடி ஒண்ணு ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். அப்படின்னா உங்க 11 லட்சத்து வண்டியோட மொத்தப் பெயிண்ட்டும் ரெண்டு முடித் தடிமன் கூட இல்ல. அதுலயும் மேல இருக்கிற கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான் வந்துரும்.

வண்டி தயாராகி ரோட்டுக்கு வந்துட்டா அந்தச் சூட்டுல மறுபடி சுட முடியாது. உள்ள சீட்டு, ஒயரு, பிளாஸ்டிக், ரப்பர் எல்லாம் உருகிரும். அதனால எவ்வளவு பெரிய சர்வீஸ் சென்டரா இருந்தாலும் பூத்துல 60, 80 டிகிரியில வெச்சுத்தான் காய வைப்பாங்க. அதுக்குன்னு ஹார்டனர் கலந்த வேற பெயிண்ட். நல்ல ஆள் அடிச்சா அதுவும் நல்லாத்தான் இருக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா கம்பெனியில நடக்கிறது வேற, இது வேற. ஒரு முடி கனத்துக்குக் கூட ஆழம் இல்லாத கீறலுக்காக, ரெண்டு கதவையும் பேப்பர் போட்டுத் தேய்ச்சு, நல்லா இருக்கிற கிளியரைக் கெடுத்து, மேல புதுசா அடிக்கிறது, கால்ல முள்ளு குத்தினதுக்குத் தொடையை அறுக்கிற கதைதானுங்க.

இன்னொண்ணும் இருக்கு. நாலஞ்சு வருசம் கழிச்சு வண்டியை விக்கப் போவீங்க. வாங்கறவன் இப்பெல்லாம் பெயிண்ட் தடிமன் அளக்கற மீட்டர் கொண்டு வர்றான். மத்த இடத்துல 110 காட்டும், அந்த ரெண்டு கதவுல மட்டும் 200, 250 காட்டும். "இது அடிபட்ட வண்டி"ன்னு சொல்லி விலையைக் குறைப்பான். இல்லப்பா, கிளுவை முள்ளுதான்னு நீங்க சொன்னா நம்புவானா? சின்னக் கீறலை மறைக்கப் போய்ப் பெரிய சந்தேகத்தைக் காசு குடுத்து வாங்கி வெச்சுக்கறீங்க.

"எனக்கென்ன, இன்சூரன்ஸ்தான கட்டுது"ன்னு சில பேர் சொல்வீங்க. மாப்ளயும் அதைத்தான் கடைசியில சொன்னான். அப்போ இன்சூரன்ஸ் கட்டறதுக்கு அந்தப் பையனை எதுக்குடா அழ வெச்சேன்னு கேட்டேன். பதில் இல்ல. சரி, அந்தக் கணக்கையும் பார்த்துரலாம்.

ஒரு வருசம் கிளெய்ம் பண்ணாம இருந்தா, அடுத்த வருசம் உங்க வண்டி சேதத்துக்குக் கட்டற பிரீமியத்துல 20 சதவீதம் தள்ளுபடி. அப்பறம் 25, 35, 45, அஞ்சாவது வருசம் 50 சதவீதம். நடுவுல ஒரு கிளெய்ம் பண்ணிட்டா திரும்பப் பூஜ்யத்துல இருந்து ஏறணும். முதல் வருசமே கிளெய்ம் பண்ணினா 20, 25, 35, 45, 50 வர வேண்டிய இடத்துல 0, 20, 25, 35, 45 வரும். வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்க. மொத்தம் 50 சதவீதம். அந்த பிரீமியம் வருசத்துக்கு 15,000ன்னு வெச்சுக்கிட்டா 7,500 ரூபாய் போச்சு. வண்டிக்கு வயசாக ஆக பிரீமியம் குறையும், அதனால கொஞ்சம் கம்மியா வெச்சுக்கலாம். போனஸைக் காப்பாத்தறதுக்குன்னு தனியாக் காசு கட்டியிருந்தா இந்த நட்டம் வராது. எத்தனை பேர் கட்டியிருக்கீங்க?

அதுக்கு மேல ஒவ்வொரு கிளெய்முக்கும் கட்டாயம் உங்க கையில இருந்து ஒரு தொகை போகும். 1,500 சிசி வரைக்கும் 1,000, அதுக்கு மேல 2,000. ஜீரோ டெப்ரிசியேஷன் போடலேன்னா பெயிண்ட் சாமான் விலையில பாதியும் உங்க தலையிலதான். இப்போ ஒரு பம்பர் கீறலுக்கு 5,000 பில்லுன்னு வெச்சுக்கங்க. ஜீரோ டெப் இருந்தாலும் கைக்கு வர்றது 4,000. போறது 7,000 பக்கம். இதுக்குப் பேரு லாபமா? மாப்ள வண்டி மாதிரி 14,500 பில்லுன்னா கணக்குல ஆறு, ஏழாயிரம் உங்களுக்குச் சாதகம்தான். ஆனா 900 ரூபாயில முடிஞ்ச வேலைங்க அது.

இதுல இன்னொரு கூத்து. போன மாசம் செவுத்துல உரசினது, இந்த மாசம் கேட்டுல இடிச்சது எல்லாத்தையும் சேர்த்து "ஒரே சம்பவம்"னு எழுதச் சொல்லிக் குடுக்கற ஆளுக இருக்காங்க. ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனிக் கிளெய்ம்ங்கிறதுதான் முறை. பயிர் இன்சூரன்ஸுல நாங்க ஒரு ஏக்கரைக் கூட்டிச் சொன்னா "விவசாயி ஏமாத்தறான்"னு பேசறவங்க, இதுல மட்டும் பொய் எழுதிக் கையெழுத்துப் போட யோசிக்கிறதே இல்ல.

"சரி, அப்படியே விட்டா துரு பிடிக்காதா?" இது நல்ல கேள்வி. கிளியர் மட்டும் கீறியிருந்தா துரு பிடிக்காது. கலர் வரைக்கும் போயிருந்தாலும் உடனே பிடிக்காது, ஆனா விடக் கூடாது. தகரம் பளிச்சுன்னு தெரிஞ்சா சும்மா இருக்கக் கூடாது. மழைக்காலமா இருந்தா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க, டச்சப்பாவது வெச்சுருங்க. கடலோரத்துல இருக்கிறவங்க இன்னும் சீக்கிரம். தகரம் பள்ளமாகி, பெயிண்ட் விரிசல் விட்டுச் செதில் செதிலா உரிஞ்சா அது வேற கதை. டிங்கரிங் பண்ணி, பட்டி வெச்சு, முழுசா அடிக்கத்தான் வேணும். அதை நான் வேண்டாம்னு சொல்லல. பம்பருக்கு இந்தத் துருப் பயமே வேண்டாம், அது பிளாஸ்டிக். பம்பர் கீறலுக்கு அவசரப்படுத்தற ஆள் உங்க வண்டிக்காக அவசரப்படல.

வீட்டுலயே பண்ண முடியுமான்னு கேட்டா, சின்னதுன்னா முடியும். பெயிண்ட்டர் சொன்னதை அப்படியே சொல்றேன்.

முதல்ல வண்டியை நல்லாக் கழுவுங்க. தூசியோட தேய்ச்சா கீறல் கூடத்தான் செய்யும். அப்பறம் தண்ணி ஊத்திப் பாருங்க, நகத்தை வெச்சுப் பாருங்க. மறையற கீறலுக்கு ஸ்கிராட்ச் ரிமூவர் இல்லேன்னா மெல்லிசான காம்பவுண்ட்டை மெத்துன்னு இருக்கிற துணியில கொஞ்சமா எடுத்து, அந்த இடத்துல மட்டும் தேய்ங்க. ஒவ்வொரு தடவையும் கிளியர் சில மைக்ரான் தேயும். அதனால மாசாமாசம் தேய்க்காதீங்க. கிளியர் போயிருச்சுன்னா வெயிலுக்குக் கலர் தாங்காது, வெளுத்துரும்.

நகம் மாட்டற கீறலுக்கு டச்சப். கலர் நம்பர் உங்க வண்டியிலயே ஒரு ஸ்டிக்கர்லயோ தகட்டுலயோ இருக்கும். டிரைவர் கதவுத் தூண்லயோ பானட்டுக்குள்ளயோ தேடுங்க, எங்க இருக்குன்னு வண்டியோட குடுத்த புஸ்தகத்துலயும் போட்டிருக்கும். "வெள்ளை"ன்னு கேட்டு வாங்காதீங்க, வெள்ளையிலேயே பத்து வெள்ளை இருக்கு. துரு இருந்தா 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல அந்தக் கோட்டுக்குள்ள மட்டும் எடுங்க. மெழுகு, எண்ணெய் எதுவும் இல்லாம ஆல்கஹாலை வெச்சுத் துடைங்க. தகரம் தெரிஞ்சா பிரைமர் வெச்சுக் காய விட்டுத்தான் கலர். பாட்டிலோட வர்ற பிரஷ் தடியா இருந்தா பல் குத்தற குச்சி நுனியால வைங்க. ஒரே தடவையில ரொப்பாதீங்க. மெல்லிசா வெச்சு, காய விட்டு, திரும்ப வைங்க. வெயில்ல சுடற தகரத்து மேல வைக்காதீங்க. கடைசியாக் கிளியர். கிட்டப் போய்ப் பார்த்தாத் தெரியத்தான் செய்யும், அதுவும் மெட்டாலிக் கலர்னா கொஞ்சம் கூடவே தெரியும். நாலடி தள்ளி நின்னு பார்த்தா தெரியாது. உங்க வண்டியை எல்லாரும் நாலடி தள்ளி நின்னுதான் பாக்கறாங்க.

டூத் பேஸ்ட், தேங்காய் எண்ணெய்னு வீடியோவுல காட்டறதை நம்பாதீங்க. எண்ணெய் பூசினா அப்போதைக்கு மறையும், தண்ணி ஊத்தின மாதிரிதான். கழுவினா திரும்ப வந்துரும்.

இப்போ எங்க பக்கத்துக் குத்தத்தையும் சொல்லணும். எங்க ஊர்ப் பசங்க தூசி படிஞ்ச காரைக் கண்டா விரலால பேர் எழுதுவாங்க. தூசிக்கு அடியில மணல் இருக்கு, அது கிளியரைக் கீறிரும். கழுவினாலும் அந்தப் பேர் வெயில்ல தெரியும். டிவிஎஸ்ஸைக் காரு மேல சாத்தறது, பானட்டு மேல சாக்கைப் போடறது, அரிவாளை வைக்கிறது, இதெல்லாம் நாங்க பண்றோம். தப்புத்தான். நானே பல தடவை பார்த்துட்டுச் சும்மா இருந்திருக்கேன். இனிமே சொல்றேன்.

ஆனா நீங்க பண்றதும் இருக்கு. ஊருக்கு வந்து இறங்கின உடனே காய்ஞ்ச துணியை எடுத்துச் செம்மண் தூசியைச் "சர சர"ன்னு துடைக்கிறீங்களே, அதுல விழற வட்ட வட்டக் கீறல் எந்த ஆடு பண்ற கீறலை விடவும் அதிகம். வெயில்ல நின்னு பாருங்க, சிலந்தி வலை மாதிரி தெரியும். அதுக்கு யார்கிட்டப் போய் 14,500 கேப்பீங்க? எங்க போர்த் தண்ணியில கழுவி அப்படியே வெயில்ல காய விட்டா உப்புக் கறை விழும். உடனே துடைச்சுருங்க. மரத்தடியில நிறுத்தினா பறவை எச்சம் விழத்தான் செய்யும். அதையும் காய விடாம ஊற வெச்சு எடுங்க, விட்டா கிளியரை அரிச்சிரும். இட்டேரியில எதிர்ல வண்டி வந்தா கண்ணாடியை இறக்குங்க. ஒரு குரல் குடுங்க. பின்னாடி எடுக்கச் சொன்னா நாங்க எடுப்போம். டிராக்டர்ல உக்காந்தவனுக்கு உங்க வண்டி புதுசுன்னு தெரியாதா என்ன? அன்னைக்கு நானும் கொஞ்சம் பின்னாடி எடுத்திருக்கலாம். தட்டு ஏத்தின டிரெய்லர், ரிவர்ஸ் எடுக்கச் சோம்பல். அதனாலதான் அந்த 900 ரூபாயை நான் குடுத்தேன். மாப்ள வேண்டாம்னான். வாங்கிக்கச் சொல்லிப் பெயிண்ட்டர் கையில திணிச்சுட்டு வந்தேன்.

யாரு மேலயாவது கையைக் காட்டறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் கீறலைப் பாருங்க. அது எந்தப் பக்கம் போகுது, எந்த உயரத்துல இருக்கு, நீளமா குட்டையா, பக்கத்துல என்ன ஒட்டியிருக்குன்னு பாருங்க. உங்க அப்பார்ட்மென்ட்டுலயும் இதே கதைதான் நடக்குதுன்னு கேள்விப்படறேன். கீறல் விழுந்தா முதல்ல வாட்ச்மேன், அப்பறம் கார் கழுவற ஆளு, அப்பறம் வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவோட பையன். பக்கத்து பிளாட்டுக்காரர் காரை எடுக்கும்போது உரசினாரான்னு கேக்க மட்டும் நமக்கு வாய் வராது. எதுத்துப் பேச முடியாதவனைப் பார்த்துத்தான் முதல்ல கை நீளுது. இங்க அந்தக் கை நீண்டப்போ பார்த்துட்டுச் சும்மா நின்னவன் நான். அதனால உங்களுக்கு மட்டும் சொல்றதா நினைச்சுக்காதீங்க.

மாப்ள திங்கக்கிழமை கிளம்பிட்டான். போறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடான்னேன். "டைம் இல்ல மாமா, நீங்களே சொல்லிருங்க"ன்னான். தங்கச்சி அதுக்கப்பறம் ஒரு தடவைதான் போன் பண்ணினா, பேச்சு அவ்வளவா ஓடல. என் மேல கோவமா இருக்கலாம். இருந்துட்டுப் போகட்டும்.

நான் போய்ச் சொன்னேன். பையனோட அப்பா "அதனால என்னங்க, விடுங்க"ன்னார். பையன் உள்ளதான் இருந்தான், வெளிய வரல. இப்பவும் ஆட்டை ஓட்டிட்டு வர்றான். ஆனா எங்க தொட்டிக்கு வர்றதில்ல. வாய்க்கால் மேட்டைச் சுத்தி அரை மைல் நடந்து வேற தோட்டத்துல தண்ணி காட்டறான். காலைல நான் மோட்டார் போட வரும்போது தூரத்துல அந்த ஆட்டு மணிச் சத்தம் கேக்கும்.

நாளைக்கு அந்தப் பக்கமாப் போய் நானே கூப்பிடணும்னு இருக்கேன். நீங்களும் ஊருக்கு வாங்க. காரை எங்க களத்துலயே நிறுத்திக்கலாம். அங்க முள்ளும் இல்ல, ஆடும் வராது.